டாப்பிக் – சொல் விளக்கம்

மென்பொருளுக்கும் எந்திரங்களுக்கும் கையேடு எழுதுவோரிடம் ‘டாப்பிக்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. “இன்னைக்கு என்ன டாப்பிக்?” என்று நாம் கேட்கும்போது அது பேசுபொருள். கையேட்டுத் துறையிலோ அது எழுதி முடித்த ஒரு துண்டு. ஒரே விஷயத்தைச் சொல்லும். தனியாக எடுத்துப் படித்தாலும் புரியும். தனக்கென ஓர் அடையாள எண்ணோடு சேமிக்கப்படும். பிரிண்டர் கையேட்டில் ‘டோனர் மாற்றும் முறை’ ஒரு டாப்பிக், ‘டோனர் என்றால் என்ன’ வேறொரு டாப்பிக்.

வேர், கிரேக்க மொழியின் ‘டோபோஸ்’. பொருள்: இடம். வாதம் செய்பவர் தனக்கு வேண்டிய கருத்துகளைத் தேடி எடுக்கும் ‘இடங்களை’ ஆராய்ந்து அரிஸ்டாட்டில் எழுதிய நூலின் பெயர் ‘டோபிகா’. அந்த நூற்பெயர் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நாளடைவில் பேசுபொருளைக் குறிக்கத் தொடங்கியது. பழைய பொருள் அடியோடு போய்விடவில்லை. உடம்பில் குறிப்பிட்ட இடத்தில் பூசும் மருந்தை ‘டாப்பிக்கல்’ என்று மருத்துவர்கள் சொல்வது அந்த ‘இட’த்தை வைத்துத்தான்.

ஆவணத்தைச் சிறு துண்டுகளாக, துண்டின் வகையறிந்து எழுத வேண்டும் என்பதை 1960-களிலேயே ராபர்ட் ஹார்ன் ‘இன்ஃபர்மேஷன் மேப்பிங்’ என்ற முறையாக வகுத்தார். டாப்பிக் என்ற சொல்லுக்கு இன்றைய இறுக்கமான வரையறை பரவக் காரணம் ஐபிஎம் உருவாக்கிய ‘டிட்டா’ என்னும் எக்ஸ்எம்எல் (உரையின் பகுதிகளைக் குறிச்சொற்களால் அடையாளமிடும் கணினி மொழி) கட்டமைப்பு. 2001-இல் வெளியாகி, 2004-இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் கைக்கு வந்து, 2005-இல் தரமாக ஏற்கப்பட்டது. அதன் முழுப்பெயரில் டார்வின் பெயர் இருக்கிறது. பொதுவான டாப்பிக் வகையிலிருந்து சிறப்பு வகைகள், மூலத்தின் பண்புகளைப் பெற்றுக்கொண்டு கிளைக்கலாம் என்பதால் அந்தப் பெயர். கருத்து, செயல்முறை, குறிப்புதவி என மூன்று வகைகளோடு தொடங்கிய தரத்தில், 2015-இல் வந்த 1.3 பதிப்பு பழுதுநீக்கத்துக்கும் ஒரு வகை சேர்த்தது.

இப்படிப் பிரித்து எழுதுவதால் என்ன பயன்? மூன்று மாடல் பிரிண்டர்கள், மூன்று கையேடுகள் என்று வைத்துக்கொள்வோம். டோனர் மாற்றும் முறை மூன்றிலும் ஒன்றே. கையேடுகளைத் தனித்தனி நூலாக எழுதினால் அதை மூன்று முறை ஒட்ட வேண்டும்; அப்புறம் ஒரு படி மாறினால் மூன்று இடத்திலும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் பயனர் கையில் தவறான கையேடு இருக்கும். டாப்பிக்காக எழுதினால் மூலம் ஒன்றுதான். உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்ற மென்பொருள் அதைப் பாதுகாக்கிறது: யார் திருத்தினார், எந்தப் பதிப்பு ஒப்புதல் பெற்றது, எந்தெந்தக் கையேடுகளில் அது பயன்படுகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். மொழிபெயர்ப்புக்கும் மாறிய டாப்பிக்கை மட்டும் அனுப்பினால் போதும். பத்து மொழிகளில் கையேடு போடும் நிறுவனத்துக்கு இந்த ஒன்றே பெரிய மிச்சம்.

எழுதுகிறவருக்குத்தான் இது கடினம். ‘மேலே சொன்னபடி’ என்று எழுத முடியாது. மேலே என்ன வரும் என்பது எழுதும்போது தெரியாது. ஒவ்வொரு கையேட்டிலும் அது வேறாக இருக்கும். ‘மேற்கண்டவாறு’, ‘முன்னர்க் கண்டோம்’ என்று தொடுத்தே பழகிய நம் உரைநடைக்கு இது நல்ல பயிற்சி என்பேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தலைப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். பேசுபொருளுக்கு அது போதும், இங்கே போதாது. ஒவ்வொரு டாப்பிக்குக்கும் ஒரு தலைப்பு உண்டு. எனவே ‘தலைப்பின் தலைப்பு’ என்று எழுதும்படி ஆகிவிடும். ‘பொருள்’ என்றாலோ, அர்த்தம், பண்டம், நிரலாக்கத்தில் வரும் ஆப்ஜெக்ட் எல்லாம் அதற்குள் நெருக்கியடிக்கும்.

தொல்காப்பியச் செய்யுளியலில், ஒரு நூலின் உறுப்புகளைச் சொல்லும் இடம் இங்கே உதவுகிறது. ‘ஒருபொருள் நுதலிய சூத்திரம்’, ‘இனமொழி கிளந்த ஓத்து’, ‘பொதுமொழி கிளந்த படலம்’, இம்மூன்றும் அடங்கிய ‘பிண்டம்’ என நான்கு. அடிப்படை உறுப்பான சூத்திரத்துக்கு இலக்கணம், ஒரு பொருளைக் கருதியிருப்பது. டாப்பிக்கின் முதல் விதியும் அதுதான். ஆனாலும் ‘சூத்திரம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ள முடியாது. சூத்திரம் சுருங்கச் சொல்வது. பத்துப் படிகள் கொண்ட செயல்முறை அப்படியல்ல. மேலும், முன் சூத்திரத்தில் வந்த சொல் பின் சூத்திரத்துக்கும் ‘அதிகாரப்பட்டு’ வருவதாக உரையாசிரியர்கள் கொள்வார்கள். டாப்பிக் அப்படி முன்னதைச் சார்ந்திருக்கக் கூடாது.

என் தேர்வு ‘பொருட்கூறு’. ஒரு பொருளைச் சொல்லும் கூறு. பெரிய ஆவணத்தின் பகுதி என்பதும், பிரித்து எடுக்கலாம் என்பதும் ‘கூறு’ என்பதிலேயே அடங்கிவிடும். ஒரு குறை உண்டு: ஒருமையில் வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘பொருட்கூற்றை’ என்றாகி, ‘கூற்று’ என்ற வேறு சொல்லை நினைவூட்டும். பன்மையில் இந்தச் சிக்கல் இல்லை. துறையில் பெரும்பாலும் பன்மையே புழங்குவதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இத்தகைய எழுத்தைப் ‘பொருட்கூறுவழி எழுதுமுறை’ என்றும், அதைக் காக்கும் அமைப்பைக் ‘கூறுநிலை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு’ என்றும் சொல்லலாம்.

எந்தெந்தப் பொருட்கூறுகள் எந்த வரிசையில், எதன் கீழ் எது வர வேண்டும் என்று காட்டும் கோப்புக்கு டிட்டாவில் ‘மேப்’ என்று பெயர். வரைபடம் என்றால் நிலப்படம்தான் நினைவுக்கு வரும். ‘வைப்புமுறை’ பொருந்தும். திருக்குறள் பதிப்புகளில் ஏற்கெனவே வழங்கும் சொல்தான் இது. ஓர் அதிகாரத்தின் அதே பத்துக் குறள்களை மணக்குடவர் ஒரு வரிசையிலும் பரிமேலழகர் வேறு வரிசையிலும் வைத்து உரை சொல்வதுண்டு. ஒரே பொருட்கூறுகளுக்கு இரண்டு மேப் எழுதுவதும் இதே வேலைதான்.