மரபணு அடங்கியதா, செல் செத்ததா?

"பார்க்கின்சன் நோயின் தொடக்கத்திலேயே இந்த மரபணுவின் செயல்பாடு குறைகிறது: எலிகளில் கண்டுபிடிப்பு." இப்படி ஒரு செய்தி வந்ததும் மரபணுப் பரிசோதனைக்கு எங்கே போவது என்று விசாரிப்பவர்கள் உண்டு. மரபணுவில் பிழை இருப்பதும் அதன் செயல்பாடு குறைவதும் வேறு. 1997-ல் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற மூளைப் புரதத்துக்கான மரபணுவில் கண்டறிந்த பிழை பிறவியிலேயே வரும் எழுத்துப்பிழை, ரத்தத்தில் பார்க்கலாம். செயல்பாடு என்பது எழுத்து மாறாமலே ஒரு செல் அந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்என்ஏ படியெடுக்கிறது என்ற கணக்கு. உயிரோடிருப்பவரின் நடுமூளையில் அதை அளக்க வழியில்லை. நடுக்கமும் இறுக்கமும் தெரிவதற்குள் அங்கே டோபமின் என்ற, அசைவுக்கு வேண்டிய ரசாயனத்தைத் தயாரிக்கும் செல்களில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. தொடக்கத்தைப் பார்க்க விலங்குதான் வழி.

விலங்கில் இந்த நோயின் சாயலை உண்டாக்க அதிகம் புழங்குவது எம்பிடிபி என்ற நச்சு. 1982-ல் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தில் இது கலந்திருக்க, ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களில் உடல் இறுகிப்போனார்கள். பெரிய எலிகளை இது அவ்வளவாகத் தாக்காது. சி57 கறுப்புச் சுண்டெலிதான் வேண்டும். வழக்கமான ஒரு முறையில் கிலோ எடைக்கு 30 மில்லிகிராம், தினம் ஒன்றாக 5 நாள் ஊசி. செல் எண்ணிக்கை நிலைப்பட, கடைசி ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளே மூளையை எடுத்தால் அங்கே தெரிவது பெரும்பாலும் விஷத்துக்கான அதிர்ச்சி. அதை 'ஆரம்பகால நோய்' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

கணக்கு இடறுவது இங்கேதான். டோபமின் தயாரிப்பில் முதல் படியை நடத்துவது டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி. நடுமூளைத் துண்டை அரைத்து, ஆர்என்ஏ அளவைக் காட்டும் பிசிஆர் சோதனையில் பார்க்கிறோம். அதன் ஆர்என்ஏ பாதியாகியிருக்கிறது. மரபணு அடங்கியதா? 1,000 செல்லில் 500 செத்து, மிச்சம் பழையபடியே இயங்கினாலும் இதே விடைதான். தப்பிய 500-ம் இரட்டிப்பாக உழைத்தால் 'மாற்றமில்லை' என்று வரும். உண்மையில் பெரிய மாற்றமே நடந்திருக்கும். உயிரோடிருந்தும் இந்த நொதியைத் தயாரிப்பதை நிறுத்திய செல்களும் உண்டு. அதனால் நொதிக்குச் சாயமேற்றி எண்ணுவதோடு, எல்லா நரம்பு செல்களையும் காட்டும் நிஸ்ஸல் சாயத்திலும் எண்ண வேண்டும். ஒவ்வொரு செல்லாக ஆர்என்ஏ படிக்கும் முறை இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கும்; ஆனால் சாட்சி சொல்ல வருபவை தப்பிய செல்கள் மட்டுமே.

கத்தியும் ஏமாற்றும். செல்கள் சாகும் நடுமூளைப் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவை ஒட்டியே இன்னொரு டோபமின் பகுதி இருக்கிறது, அது அவ்வளவாகச் சாவதில்லை. வெட்டு சற்று விலகினால் அது கலந்து இழப்பை மறைத்துவிடும். மாறாத அளவுகோல் என்று நம்பி ஒப்பீட்டுக்கு ஜிஏபிடிஎச் என்ற மரபணுவை மட்டும் வைப்பதும் வம்பு: அது சர்க்கரையை எரிக்கும் வேலையில் இருப்பது, எம்பிடிபி-யோ மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியை முடக்குவது. அளவுகோலே ஆடலாம். இரண்டு மூன்று ஒப்பீட்டு மரபணுக்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு குழுவைக் காலையிலும் மற்றதைச் சாயங்காலமும் அறுத்தால் உடற்கடிகாரத்தின் ஏற்ற இறக்கமும் 'கண்டுபிடிப்பு' ஆகிவிடும்.

மெதுவாக நகரும் மாதிரி வேண்டுமென்றால் ஆல்ஃபா சைனூக்ளின் புரத இழைகளை, டோபமின் செல்களின் கிளைகள் சென்று சேரும் ஸ்ட்ரையேட்டம் என்ற சுண்டெலி மூளைப்பகுதியில் விதைபோலச் செலுத்துவார்கள். செல் இழப்பு தெரிய மாதக்கணக்காகும். அதற்கு முந்தைய வாரங்களில் எடுக்கும் ஆர்என்ஏ-வைத்தான் 'தொடக்கம்' என்று துணிந்து சொல்லலாம். இழைகளை ஒலியலையால் நன்றாகத் துண்டாக்கியபின் செலுத்த வேண்டும். நீளமாகவே விட்டால் விதை சரியாக முளைக்காது. ஆறு மாதம் கழித்துத்தான் அது தெரியவரும்.