திமிங்கிலம் பார்க்கப் புறப்படும் முன் மாத்திரைப் பையைத் திறந்து பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நான் கிளினிக் தொடங்கிய காலத்தில், தூரப் பயணம் போகிறோம் என்று நோயாளிகள் சொன்னால் அது பெரும்பாலும் பழநியாகவோ திருப்பதியாகவோ இருக்கும். இப்போது பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். பெற்றோருக்கு எழுபது வயது நெருங்கும்போது, பேரப்பிள்ளைகளோடு எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய பயணம் போய்வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பல் பயணத்தைப் பதிவு செய்துவிடுகிறார்கள். புறப்பட ஒரு வாரம் இருக்கையில் என்னிடம் வந்து, “அம்மாவுக்குக் குளிர் தாங்குமா டாக்டர்?” என்று கேட்கிறார்கள்.

குளிருக்கு விடை எளிது. கப்பல்கள் செல்லும் கோடைப் பருவத்தில் ஜூனோ நகரின் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்; கேமரன் மலையின் விடியற்காலையை அறிந்தவர்களுக்கு அது அவ்வளவு புதிதன்று. பனியாற்றுக்கு எதிரே மேல்தளத்தில் காற்றில் நிற்கும் அந்த ஒரு மணி நேரம்தான் உண்மையான குளிர். மற்றபடி கெட்சிகன் துறைமுகத்தில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நம் சுங்கை சிப்புட் மழையே அதனிடம் தோற்றுவிடும் என்பதால், தடித்த கம்பளியைவிட நீர் புகாத மேலங்கிதான் அதிகம் உதவும். நெஞ்சுவலி வரலாறு உள்ளவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன்: குளிர்காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும், ஆகவே நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அறையில் இருந்தால் போதாது, உடையின் உட்பையில் இருக்க வேண்டும்.

இதைச் சொல்லி முடித்தபின் நான் கேட்பது மாத்திரைப் பையைத்தான். குளிருடை வாங்க ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவழித்த குடும்பம், அந்தப் பையைப் பெரும்பாலும் திறந்தே பார்த்திருக்காது.

சென்ற ஆண்டு அப்படி வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு வயது 69. பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே தோட்டத்தில் இருந்தவர். மரங்கள் போய்ச் செம்பனை வந்தபின் நகரத்து வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தவர். இருபது ஆண்டுகளாக நீரிழிவு, அதோடு இரத்த அழுத்தம். மகன் கொண்டுவந்த பழைய மைலோ டின்னுக்குள் ஆறு பிளாஸ்டிக் உறைகள் இருந்தன. அவற்றின் மேல் ‘1 பீஜி, 2 காலி செஹாரி’ (ஒரு மாத்திரை, நாளுக்கு இரு முறை) என்று மலாயில் எழுதிய அரசு மருந்தகச் சீட்டுகள். இரண்டு உறைகளில் சீட்டு அழிந்து எழுத்தே தெரியவில்லை. அமெரிக்கத் துறைமுகத்தில் ஒரு மருத்துவர் அந்த டின்னைத் திறந்தால், வெள்ளை மாத்திரைகள் என்பதற்கு மேல் எதுவும் விளங்காது. மருந்தின் பொதுப்பெயர், அளவு, எதற்காக என்பவற்றை ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதி, கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தரும்படி எந்தக் கிளினிக்கிலும் கேட்கலாம். நாம் 7 என்று படிக்கும் சர்க்கரை அளவை அங்கே 126 என்று படிப்பார்கள். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இதையும் அந்தத் தாளின் அடியில் எழுதிவிடுவேன்.

“இன்சுலின் ஊசியை எத்தனை மணிக்குப் போட்டுக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டேன். “மணியெல்லாம் பார்க்கிறது இல்ல டாக்டர், சாமிக்கு விளக்கு வச்சிட்டுப் போட்டுக்குவேன்” என்றார். நம் ஊரில் ஆண்டு முழுதும் ஏறத்தாழ எட்டு மணிக்குள் இருட்டிவிடுவதால், இந்தப் பழக்கம் கடிகாரத்துக்கு நிகரானதாகவே இருந்துவந்தது. ஆனால் ஜூன் மாத ஜூனோவில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். அதன் பிறகும் வெளிச்சம் முழுதாகப் போகாது. இருட்டட்டும் என்று அந்த அம்மா காத்திருந்தால், ஊசி ஒவ்வொரு நாளும் தள்ளிப்போயிருக்கும், அல்லது மறந்தே போயிருக்கும்.

நேர வேறுபாடும் சிறியதன்று. கோடைக்காலத்தில், பல அலாஸ்காக் கப்பல்கள் புறப்படும் சியாட்டில் நம்மைவிட 15 மணி நேரமும் அலாஸ்கா 16 மணி நேரமும் பின்தங்கியிருக்கும். இங்கே இரவு எட்டு மணி என்றால் சியாட்டிலில் அதே நாள் விடியற்காலை ஐந்து. இங்கே எட்டு மணிக்கு ஊசி போட்டுவிட்டு விமானம் ஏறுபவர், சியாட்டில் நேரப்படி அன்றிரவு எட்டுக்கு அடுத்த ஊசியைப் போட்டால், 24 மணி நேரத்துக்குப் பதில் 15 மணி நேரத்திலேயே இரண்டாவது முழு அளவு உடலில் இறங்கிவிடும். அதனால் அந்த முதல் இரவின் அளவை மட்டும் குறைத்துத் தருகிறேன். எவ்வளவு குறைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாற்றிக்கொள்ள வேண்டாம். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு விமானச் சரக்கறைக்கு அனுப்பவும் கூடாது. உறைந்த இன்சுலின் மீண்டும் உருகினாலும் அதன் திறனை நம்ப முடியாது. மாத்திரைகளும் ஊசியும் கைப்பையிலேயே, குறைந்தது ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

இனி, நான் உண்மையிலேயே அஞ்சுவதற்கு வருகிறேன். அது வாந்திபேதி. ஆயிரக்கணக்கானோர் ஒரே உணவறையில் உண்ணும் கப்பல்களில் நோரோ வைரசு பரவுவது உலகறிந்தது. பயணிகளிலோ பணியாளரிலோ 3 விழுக்காட்டினர் நோயுற்றால் அதைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் முறையை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கிறது. கிருமி தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். வாசலில் வைத்திருக்கும் கைதெளிப்பு நீர்மம் இந்த வைரசை நன்றாகக் கொல்வதில்லை. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் வழி. எல்லாரும் தொட்ட அகப்பையைப் பிடித்துச் சோறு போட்டுக்கொண்டு, அதே கையால் பிசைந்து சாப்பிடும் நாம் இதில் மற்றவரைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தட்டை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கழுவி வந்து உட்காருங்கள்.

இளையவருக்கு இது இரண்டு நாள் துன்பம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுக்கும் முதியவருக்கோ, ஆபத்து வாந்தியில் மட்டும் இல்லை. வாந்திக்கு நடுவிலும் தவறாமல் விழுங்கும் மாத்திரைகளிலும் இருக்கிறது. உடலில் நீர் வற்றும்போது பெரின்டோப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரையும், சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தை நெருக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் உடலில் தேங்கும். சாப்பாடு இறங்காத நிலையில் கிளிக்லசைடு என்னும் இன்னொரு நீரிழிவு மாத்திரையை எடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை இன்னும் நுட்பமானவை. அவற்றை எடுப்பவருக்கு, கருவியில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். “சுகர் நல்லாத்தானே இருக்கு” என்று குடும்பத்தார் ஆறுதல் அடையும் நேரத்தில் நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

என் நோயாளி ஒருவருக்கு இப்படி நேர்ந்தது, அலாஸ்காவில் அல்ல, வேறொரு கப்பலில். மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று நானே பல ஆண்டுகள் வலியுறுத்திச் சொல்லியிருந்தேன். அவரும் ஒவ்வொரு முறை வாந்தி எடுத்தபின்னும் மாத்திரையை மீண்டும் விழுங்கியிருக்கிறார். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நான் சொல்லாமல் விட்டது என் குறை. அன்றிலிருந்து பயணம் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை எழுதித் தருகிறேன். சாப்பாடும் தண்ணீரும் தங்காத நாளில் எந்தெந்த மாத்திரைகளை நிறுத்துவது, மீண்டும் சரியாகச் சாப்பிடத் தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்துத் தொடர்வது, நீண்டநேர இன்சுலினை யாரையும் கேட்காமல் ஏன் நிறுத்தக்கூடாது என்பவை அதில் தமிழில் இருக்கும். உங்கள் மருத்துவரிடமும் இப்படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்கு அலாஸ்காவின் நில அமைப்பே காரணம். ஜூனோ ஒரு மாநிலத் தலைநகரம். ஆனால் வெளியூர்களிலிருந்து அங்கே செல்லச் சாலை கிடையாது, விமானமோ படகோதான். அங்கே மருத்துவமனை இருந்தாலும், கடுமையான நோயாளிகளை விமானத்தில் சியாட்டிலுக்கோ ஆங்கரேஜுக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். ஸ்காக்வேயில் ஒரு கிளினிக் மட்டுமே. பனியாற்று விரிகுடாவுக்குள் கப்பல் நுழையும் நாளில் அது எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. 1794இல் ஆங்கிலேயர் அளந்தபோது அந்த விரிகுடா ஏறத்தாழ முழுதும் பனியாகவே இருந்தது. இன்று அதே இடத்தில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல். அவ்வளவு தூரம் உள்ளே போய்த்தான் மார்ஜரி பனியாற்றைப் பார்க்கிறோம். கப்பலில் மருத்துவரும் தாதியரும் உண்டு, நல்ல வசதியும் உண்டு. ஆனால் அது மருத்துவமனை அன்று, கட்டணமும் டாலரில் அறைக்கணக்கில் ஏறும். பழைய நோய்களை மறைக்காமல் எழுதிய, விமான மீட்புச் செலவையும் ஏற்கும் காப்புறுதியை எடுங்கள். நீரிழிவை எழுதினால் பிரீமியம் கூடுமே என்று மறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பிறகு அவர்கள் கட்டியது அதைவிடப் பன்மடங்கு.

திமிங்கிலம் பார்க்கப் பெரும்பாலும் ஜூனோவில் சிறு படகுக்கு மாற வேண்டும். குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் ஏறக்குறைய பட்டினியாகக் கழித்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள், கோடையில் உணவு தேடி இங்கே வருகின்றன. படகுகள் அவற்றிலிருந்து 91 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மூன்று, நான்கு மணி நேரம் ஆகும் என்பதால் பசியாறிவிட்டே ஏற வேண்டும். சர்க்கரை மிட்டாய் சட்டைப்பையில் இருக்கட்டும், சர்க்கரை பார்க்கும் கருவி உள்ளாடைக்கு அருகில் இருக்கட்டும், ஏனெனில் குளிரில் கருவி பிழை காட்டும். கடல் குமட்டலுக்குக் காதின் பின்னே ஒட்டும் பட்டையைப் பிறர் கொடுத்தால் முதியவர்கள் வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டாம். கண்ணழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களுக்கும் புரோஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கும் அது கேடு. வயதானவர்களுக்கு மனக்குழப்பமும் வரலாம்.

அந்த அம்மா போய்விட்டு நலமாகத் திரும்பினார். இரண்டாம் வாரம் சோதனைக்கு வந்தபோது மைலோ டின் இல்லை. ஏழு நாள் அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியை மேசைமேல் வைத்தார். பனி பிளந்து கடலில் விழும்போது இடி இடித்ததைப் போல இருந்ததாகவும், அதன் நிறம் வெள்ளை இல்லை, சலவைக்குப் போடும் நீலம் என்றும் சொன்னார். பேத்தி கைத்தொலைபேசியில் எட்டு மணிக்கு ஒலி வைத்துத் தந்திருந்தாளாம். ஒரு நாளும் ஊசி தவறவில்லை. பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: “இனிமே பழையபடி விளக்கு வச்சிட்டே போட்டுக்கலாமா டாக்டர்?” போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஒலியும் இருக்கட்டும் என்றேன்.