புலம் தூண்டும் எதிரிணை ஒழுங்கு

காந்தப்புலத்துக்குத் தெரிந்தது ஒரே வேலை: அகப்படும் அணுக்காந்தங்களை எல்லாம் தன் பக்கம் திருப்புவது. அப்படியானால், அடுத்தடுத்த அணுக்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாறி மாறி நிற்கும் வரிசையை அது குலைக்கத்தான் வேண்டும். பெரும்பாலும் குலைக்கவும் செய்கிறது. ஆனால் சில படிகங்களில், புலம் இல்லாதவரை எந்த வரிசையும் இருப்பதில்லை. வலுவான புலத்தை ஏற்றிய பிறகே அந்த எதிரெதிர் வரிசை தோன்றுகிறது. இந்த விந்தைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

சிக்கல் முதல் சொல்லிலேயே இருக்கிறது. அந்த எதிரெதிர் வரிசைக்கு ஆங்கிலத்தில் ‘ஆண்டிஃபெர்ரோமேக்னடிசம்’ என்று பெயர்; அது ஒரு கலப்படச் சொல். ‘ஆண்டி’ கிரேக்கம்; ‘ஃபெர்ரம்’ இரும்பைக் குறிக்கும் லத்தீன்; ‘மேக்னட்’ மக்னீசியா என்ற கிரேக்க ஊர்ப்பெயரோடு இணைத்துச் சொல்லப்படுவது. தமிழில் ‘எதிர் ஃபெர்ரோ காந்தம்’ என்றும் ‘எதிர் அயக்காந்தம்’ என்றும் எழுதுகிறார்கள். ‘அயக்காந்தம்’ வடமொழி ‘அயஸ்காந்த’த்தின் வழி வந்தது, இரும்பின் காதலன் என்று பொருள். பழைய வழக்கில் அது காந்தக்கல்லின் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காந்தக்கல்லான மேக்னடைட், அணுக்காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் நிற்பது என்ற இன்றைய பொருளில் அயக்காந்தமே அல்ல. எதிரெதிராக நிற்கும் இரு அணுத்தொகுதிகளின் வலிமை சமமாக இல்லாததால் எஞ்சும் காந்தம் அது. இதை 1948இல் விளக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல்.

இரு தொகுதிகளும் சமமாக இருந்து முழுமையாக ஈடுகட்டிக்கொள்ளும் நிலையை நீல் 1930களிலேயே முன்மொழிந்துவிட்டார். வெளியே காந்தமே தெரியாத ஒரு காந்தம். அதைக் கண்ணுக்குக் காட்ட 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிளிஃபர்ட் ஷல்லும் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடில் நியூட்ரான்களைச் செலுத்திக் கண்டார்கள். நீலுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

‘எதிர்க்காந்தம்’ என்று சுருக்கலாமே என்றால், கூடாது. புலத்தை விலக்கும் டயா காந்தத்தையும் அப்படிச் சிலர் எழுதுகிறார்கள். அங்கே எதிர்ப்பு புலத்தோடு; இங்கே எதிர்ப்பு பக்கத்து அணுவோடு. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ‘எதிர் இணை வெக்டர்’ என்று படித்திருப்போம்: இணையாகவும் இருக்கும், எதிராகவும் இருக்கும். நீல் சொன்னது அதையேதான். ஆகவே என் தேர்வு ‘எதிரிணைக் காந்தம்’. இரும்பும் வேண்டாம், அயமும் வேண்டாம்.

அடுத்தது ‘தூண்டு’. மின்காந்தத் தூண்டலில் ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். இந்த இடத்துக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. அகல்விளக்கின் திரியைத் தூண்டுகோலால் மேலே தள்ளுகிறோம். எண்ணெயும் திரியும் அங்கேயே இருப்பவை. படிகத்திலும் அப்படித்தான். செம்பு அயனிகள் இரண்டிரண்டாகப் பிணைந்திருக்கும் பொருள்களில், ஒவ்வொரு சோடியின் தற்சுழற்சிகளும் (அணுவைக் காந்தமாக்கும் ‘ஸ்பின்’) ஒன்றையொன்று முற்றாக ஈடுகட்டிவிடுகின்றன. எது மேல், எது கீழ் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இரண்டு நிலைகளும் கலந்த ஒரு குவாண்டம் நிலை அது. குளிரின் கடைசி எல்லையான தனிப்பூச்சியம் வரை குளிர்வித்தாலும் வரிசை வராது. இந்தச் சோடியைக் கிளர்த்தினால் மூன்று காந்த நிலைகள் கிடைக்கும். புலம் ஏற ஏற அவற்றில் ஒன்றின் ஆற்றல் இறங்குகிறது. சோடியின் பழைய நிலையோடு இருந்த ஆற்றல் இடைவெளி மூடும் கணத்தில் அந்தக் கிளர்ச்சிகள் சோடிக்குச் சோடி தாவிப் படிகமெங்கும் பரவுகின்றன. புலத்தின் திசையில் காந்தம் சற்றே சாய, அதற்குச் செங்குத்தான திசையில் எதிரிணை வரிசை எழுகிறது.

இத்தகைய பொருள்களில் ஒன்றான தாலியம் செம்பு குளோரைடில் இது நிகழ ஏறத்தாழ 5.6 டெஸ்லா (புல வலிமையின் அலகு) போதும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகளில் வழக்கமாக 1.5 அல்லது 3 டெஸ்லா. புலத்தை நிலையாக வைத்துக் குளிர்வித்தபோது இப்பொருளின் காந்தமாக்கம் இறங்கிவந்து, வரிசை தோன்றும் வெப்பநிலையில் திரும்பி ஏறியது. 2000இல் நிக்குனி, ஒஷிகாவா, ஊசாவா, தனாகா ஆகியோர் இதற்குக் காரணம் சொன்னார்கள்: கிளர்ச்சிகள், ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரக்கூடிய துகள்களான போசான்களைப் போல நடந்து ஒரே நிலையில் ஒடுங்குகின்றன. 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் தொடங்கிய கணக்கு, காந்தப் படிகத்துக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இன்னொரு பொருள் ஹான் ஊதா. பழங்காலச் சீனர்கள் சுடுமண் வீரர் சிலைகளுக்குப் பூசிய சாயம். பேரியம் செம்பு சிலிகேட். இதில் வரிசை பிறக்க ஏறத்தாழ 23 டெஸ்லா வேண்டும். 49 டெஸ்லாவை நெருங்கும்போது அணுக்காந்தங்கள் எல்லாம் புலத்தின் பக்கம் திரும்பி வரிசை மறைகிறது. தூண்டிய புலமே கடைசியில் அணைத்தும் விடுகிறது.

‘புலம்’ பற்றி விவாதமே இல்லை. நிலம், வயல், எல்லை என்ற பொருள்கள் அதற்கு முன்பே உண்டு. 1845இல் ஃபாரடே கையாண்ட ஆங்கிலச் சொல்லுக்கும் முதற்பொருள் வயல்தான். ‘குவாண்டம்’ என்பதற்குத் ‘துளிமம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். செய்தித்தாள் வாசகருக்குக் குவாண்டம் பழகிவிட்டது. நான் அதை அப்படியே விட்டுவிடுவேன். எனவே முழுத்தொடர்: குவாண்டம் எதிரிணைக் காந்தங்களில் புலம் தூண்டும் ஒழுங்கு. ‘தூண்டப்பட்ட’ என்று செயப்பாட்டுவினையில் நீட்ட வேண்டியதில்லை.