ஆய்வகத்திலிருந்து கம்பெனிக்கு

1973 நவம்பரில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கோஹனும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் பாயரும் டி.என்.ஏ. துண்டுகளை வெட்டி ஒட்டி, பாக்டீரியாவுக்குள் செலுத்தி, பாக்டீரியா பெருகப் பெருக அந்தத் துண்டும் பெருகுவதைக் காட்டியிருந்தார்கள். உயிரித் தொழில்நுட்பத் துறையே இதன்மேல்தான் எழுந்தது. ஆனால் காப்புரிமை வாங்கலாமே என்று கேட்டவர் இருவரில் ஒருவரும் அல்ல. ஸ்டான்ஃபோர்டின் உரிம அலுவலகத்தை, அதாவது பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்தக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தைத் தொடங்கிய நீல்ஸ் ரைமர்ஸ், 1974இல் செய்தித்தாளில் இதைப் படித்துவிட்டுப் போய்க் கேட்டார். பலருடைய பல ஆண்டு உழைப்பின்மேல் நிற்கும் அடிப்படை ஆய்வுக்குக் காப்புரிமையா என்று கோஹன் முதலில் தயங்கினார்.

அதற்குள் கட்டுரை வெளியாகி மாதங்கள் ஆகியிருந்தன. வெளியே சொல்லிவிட்ட கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் காப்புரிமை கிடையாது. அமெரிக்கச் சட்டமோ ஓராண்டு அவகாசம் தந்தது. அது முடியச் சில நாள்களே இருந்தபோது, 1974 நவம்பர் 4 அன்று விண்ணப்பம் போனது. அமெரிக்காவுக்கு வெளியே உரிமை போயே போய்விட்டது. காப்புரிமை என்றாலே ஆய்வைப் பூட்டி வைப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் விண்ணப்பித்த மறுநாளே கட்டுரையை அனுப்பலாம். வரிசைதான் முக்கியம்.

அடுத்தது உரிமம். அதை யாருக்கு, எப்படிக் கொடுப்பது? கோஹன்–பாயர் முறை ஒரு கருவி. எந்த ஆய்வகமும் பயன்படுத்தக்கூடியது. அதனால் ஸ்டான்ஃபோர்ட் கேட்ட எல்லாருக்கும் கொடுத்தது: தொடக்கத்தில் 10,000 டாலர், பிறகு ஆண்டுக் கட்டணம், விற்பனையில் சிறு பங்கு. காப்புரிமை 1997இல் முடிவதற்குள் சுமார் 25 கோடி டாலர் வந்தது. கூகுள் கதை வேறு. கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜின், தேடலில் வலைப்பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் முறைக்கான காப்புரிமையும் ஸ்டான்ஃபோர்டுடையதுதான். அது அந்த ஒரு கம்பெனிக்கே கொடுக்கப்பட்டு, பதிலுக்குப் பங்குகள் வாங்கப்பட்டன. பங்குகளை விற்று 33.6 கோடி டாலர் கிடைத்தது. புதிய மருந்துக்கும் பெரும்பாலும் இப்படித் தனியுரிமம்தான் தேவைப்படும். பல ஆண்டுகள் சோதனைக்குப் பணம் கொட்டுபவர், நாளை பக்கத்துக் கம்பெனியும் அதையே விற்கும் என்றால் காசை எடுக்கவே மாட்டார்.

இப்படிப்பட்ட வெற்றிகள் அரிது. பல காப்புரிமைகள் உரிமம் கேட்க ஆளில்லாமலே காலாவதியாகின்றன.

காகிதத்தைவிட ஆள்தான் முக்கியம் என்பது என் எண்ணம். கோஹன்–பாயர் காப்புரிமை வழங்கப்பட்டது 1980 டிசம்பரில். பாயரோ 1976லேயே முதலீட்டாளர் ராபர்ட் ஸ்வான்சனுடன் சேர்ந்து ஜெனென்டெக் என்ற உயிரித் தொழில்நுட்பக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். கட்டுரையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எந்த நொதி எந்த நிலையில் சொதப்பும், தோற்ற சோதனையில் எது பிழை, எது இயற்கையே அப்படி என்பதெல்லாம் கட்டுரையில் இருக்காது. அதைச் செய்து பார்த்தவரின் கையில்தான் இருக்கும். பேராசிரியர்கள் ஆலோசகர்களாகவும், ஆய்வு மாணவர்கள் முதல் ஊழியர்களாகவும் புத்தொழில் நிறுவனங்களுக்குப் போவது இதனால்தான்.

அப்படியும் ஆய்வகம் தருவது பாதி வேலைதான். கலிஃபோர்னியாவில் உள்ள சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ ஆய்வு மையத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1978இல் ஜெனென்டெக் பாக்டீரியாவில் மனித இன்சுலினை உருவாக்கியது. அதைப் பெரும் கலன்களில், ஒவ்வொரு முறையும் ஒரே தூய்மையோடு தயாரித்து, நோயாளிகளிடம் சோதித்து, அமெரிக்க அரசின் அனுமதியை வாங்கியது எலி லில்லி என்ற பெரிய மருந்துக் கம்பெனி. அனுமதி கிடைத்தது 1982இல்.