அமெரிக்க விவசாய மானியம்: சோயா விதைத்தவருக்கு மக்காச்சோளப் பணம் வருவது எப்படி?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிலம் முழுவதும் சோயா விதைத்திருப்பவருக்கு மக்காச்சோளத்துக்கான மானியம் வந்து சேரலாம். இதில் முறைகேடு எதுவும் இல்லை, சட்டமே அப்படித்தான். அமெரிக்க மத்திய அரசின் விலை, வருவாய் மானியங்கள் இந்த ஆண்டு வயலில் நிற்கும் பயிரைப் பார்ப்பதில்லை. அந்த நிலத்தில் முன்பு என்ன விளைந்தது என்று பதிவான 'அடிப்படை ஏக்கர்' கணக்கைத்தான் பார்க்கின்றன.

இதன் கோணல் ஒரு காலத்தில் சந்தி சிரித்தது. அப்போது 'நேரடித் தொகை' என்ற திட்டம் இருந்தது. டெக்சஸில் நெல் வயலாக இருந்து வீட்டுமனையாகிவிட்ட இடங்களில் குடியேறியவர்களுக்கும் அதில் பணம் போனது. 2014 விவசாயச் சட்டம் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. அடிப்படை ஏக்கர் மட்டும் தங்கிவிட்டது.

இப்போது இருப்பவை முக்கியமாக இரண்டு. பி.எல்.சி. எனப்படும் விலை இழப்பு ஈட்டுத் திட்டம் விலையை மட்டும் பார்க்கும். மக்காச்சோளத்துக்குச் சட்டம் குறித்த விலை புஷலுக்கு (சுமார் 25 கிலோ) 3.70 டாலராக இருந்தது, 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை 4.10 ஆக்கியது. முந்தைய ஆண்டுகளில் சந்தை நன்றாக இருந்திருந்தால் இந்த வரம்பு இன்னும் சற்று ஏறும். நாட்டின் சராசரி விலை வரம்புக்குக் கீழே போனால், அரசு தானியத்தை வாங்காது, வித்தியாசத்தைக் கொடுக்கும். வித்தியாசம் 30 சென்ட், பதிவான விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல் என்று வைத்துக்கொள்வோம். 100 அடிப்படை ஏக்கரில் 85-க்குத்தான் பணம் உண்டு. ஆக, 3,825 டாலர்.

ஏ.ஆர்.சி. எனப்படும் வருவாய் இழப்புத் திட்டத்தில் கவுண்டிதான் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அளவுகோல். கவுண்டியின் சராசரி வருவாய், முந்தைய ஆண்டுகளை வைத்துக் கணக்கிட்ட தொகையில் 90 சதவீதத்துக்குக் கீழே விழுந்தால்தான் பணம். உங்கள் வயலை மட்டும் ஆலங்கட்டி மழை அடித்து நொறுக்கி, கவுண்டி முழுக்க அமோக விளைச்சல் என்றால், ஒரு சென்ட் கூட வராது. அதற்குப் பயிர்க் காப்பீடு தனியாக எடுத்திருக்க வேண்டும்.

எந்தத் திட்டமானாலும் பணம் உடனே வராது. 2025 இலையுதிர்காலத்தில் அறுத்த மக்காச்சோளத்துக்கு 2026 அக்டோபரில்தான் பட்டுவாடா.

ரொக்கக் குத்தகை என்றால் மானியம் பயிரிடுபவருக்கு. விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகை என்றால் அந்தப் பங்கு விகிதத்தில் நில உரிமையாளருக்கும் பங்கு. காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மானியம் வருவது தெரிந்த உரிமையாளர் அடுத்த ஆண்டுக் குத்தகையை ஏற்றினால் தடுக்க ஆளில்லை.

ஒருவருக்கு ஆண்டு உச்சவரம்பு 1,25,000 டாலராக இருந்து, 2025 பயிரிலிருந்து 1,55,000 ஆகியிருக்கிறது. சராசரி ஆண்டு வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டியவருக்கு இந்த இரண்டு திட்டங்களிலும் இடமில்லை. குடும்பக் கூட்டுப் பண்ணையில் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் தனி வரம்பு என்பதால், பெரிய பண்ணைகளுக்கு இது பெரிய வேலியல்ல.

விண்ணப்பம் போவது கவுண்டியிலுள்ள பண்ணைச் சேவை முகமை அலுவலகத்துக்கு. அதை மேற்பார்க்கும் குழுவை அந்தப் பகுதி விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மானியம் விதைத்த பயிரைப் பார்க்காவிட்டாலும், வயல்களின் வான்வழிப் படத்தை மேசையில் விரித்து, எந்த வயலில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், எந்த நாளில் விதைத்தது என ஒவ்வொன்றாகக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். மக்காச்சோளம், சோயாவுக்கு இந்தப் பதிவின்படி பெரும்பாலான இடங்களில் கடைசி நாள் ஜூலை 15. தவறவிட்டால், வயலில் பயிரோ அதன் தாளோ கண்ணுக்குத் தெரியும்போதே போய், ஆய்வுச் செலவையும் கட்டிப் பதிவுசெய்ய வேண்டும்.