அம்மம்மா கத்திய இடத்தில் ஒரு மேடு

முத்தையன்கட்டுப் பக்கமிருந்து வந்து என்னிடம் விஞ்ஞானம் படித்த பெடியன் ஒருவன் இப்போது யூடியூப் சனல் வைத்திருக்கிறான். குளத்தில் மீன் பிடிப்பது, காட்டில் பாலைப்பழம் பறிப்பது, அம்மம்மாவின் மண்சட்டிக் குழம்பு என்று போகும். போன மாதம் வீட்டுக்கு வந்தவன் இருக்கவும் இல்லை, போனை நீட்டினான். "சேர், முதல் அரை நிமிசத்திலையே அரைவாசிச் சனம் போயிடுது. நான் என்ன பிழை விட்டனான்?"

போனில் ஒரு கோடு. சனல் நடத்துகிறவர்களுக்கு யூடியூப் கொடுக்கும் வரைபு அது. காணொளி ஓட ஓட, பார்க்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று காட்டும். அவனுடைய கோடு தொடக்கத்திலேயே கயிறு அறுந்த வாளி மாதிரிக் கீழே போய், பிறகு மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. நாலாவது நிமிடம் தாண்டி ஓரிடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு. மேடு என்றால் ஆட்கள் திரும்பப் போய் அந்த இடத்தை மறுபடி பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

"இதில என்ன நடந்தது?"

"அது ஒண்டுமில்லை சேர். வலை கட்டையில கொழுவி நான் சுழியோடப் போட்டன், அம்மம்மா கரையில நிண்டு கத்தினவ. வெட்ட மறந்திட்டன்."

அவன் வெட்டி எறிய இருந்த இடம்தான் அவனுடைய கேள்விக்கு விடை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

முதலில் ஒரு புளுகைக் கழித்துவிடுவோம். இந்தக் காலத்து மனிதருக்குக் கவனம் 8 செக்கன்தான், தங்கமீனை விடக் குறைவு என்று ஒரு கணக்கு எல்லா இடமும் சுற்றுகிறது. அதற்குப் பின்னால் உருப்படியான ஆய்வு ஒன்றும் இல்லை. காத்தவராயன் கூத்துக்குப் பாயும் போர்வையும் கொண்டுபோய், விடியக் காத்தான் கழுவேறும் மட்டும் பனியில் இருக்கிற சனம் எங்கள் சனம். அதே ஆட்கள்தான் அவனுடைய காணொளியை 20 செக்கனில் தள்ளிவிட்டார்கள். ஆக, கவனம் என்பது தண்ணீர்த் தாங்கி மாதிரி இவ்வளவுதான் கொள்ளும் என்று அளந்து வைத்த சாமான் கிடையாது. மூளை அடுத்தடுத்து எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பொறுத்து அது நிற்கும் அல்லது போகும்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பும், இதயம் ஒரு கணம் மெதுவாகும். ருஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் இதைத் தன் நாய்களில் கவனித்து, 'இது என்ன?' என்று கேட்கும் அனிச்சை என்றார். அதே சத்தம் பத்துத் தரம் கேட்டால் தலை திரும்பாது. ஏ9 வீதியோரத்தில் வீடு கட்டியிருப்பவர்களைக் கேளுங்கள், இரவு லொறி போவதே அவர்களுக்குக் கேட்காது. இதனால்தான் வெட்டி வெட்டி ஒட்டிய படங்களும் டமால் டுமீல் இசையும் ஆளைப் பிடித்து வைப்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டும். திருப்பிவிட்ட தலையை இருத்தி வைப்பதற்கு இன்னொரு பொறி வேண்டும்.

அந்தப் பொறியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்று ஒரு ஜெர்மன்காரர். சுவிற்சர்லாந்தில் ஃபிரைபூர்க் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது குரங்குகளின் நடுமூளைக்குள் நுனி தலைமயிரை விட மெல்லிய கம்பியை இறக்கி, டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக்கலங்களை ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டார். நம்முடைய தலைக்குள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன, அவற்றில் டோபமின் கலங்கள் சில இலட்சம்தான். அந்தக் கலம் சும்மா இருக்கும்போது செக்கனுக்குச் சில தடவை துடிக்கும், கருவியை ஒலிபெருக்கியில் கொழுவினால் டிக்... டிக்... என்று கேட்கும்.

குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு விழுகிறது. கலம் டிர்ர்ரென்று பொரிகிறது. இது மகிழ்ச்சியின் சத்தம் என்றுதான் யாரும் நினைப்போம். அடுத்து, சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு விளக்கை எரியவிட்டார்கள். விளக்கு, சாறு. விளக்கு, சாறு. பல தரம் ஆனபிறகு பார்த்தால் பொரிகிற சத்தம் விளக்கு எரியும் கணத்துக்கு இடம் மாறிவிட்டது. சாறு விழும்போது கலம் சும்மா இருக்கிறது! அதே சாறு, அதே இனிப்பு, குரங்கு நக்கிக் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் கலத்துக்கு அது பழைய செய்தி.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். விளக்கை எரியவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டார்கள். சாறு வந்திருக்கவேண்டிய அந்தக் கணத்தில், முன்னும் இல்லை பின்னும் இல்லை, கலம் வாயை மூடிக்கொண்டது. டிக் டிக் நின்று, கொஞ்சம் கழித்துத் திரும்ப வந்தது. வெளியே எதுவுமே நடக்கவில்லை, சத்தமில்லை, வெளிச்சமில்லை. நடக்காத ஒன்றுக்கு ஒரு கலம் நேரம் தவறாமல் பதில் சொல்கிறது. உள்ளே ஒரு கடிகாரமும் ஒரு எதிர்பார்ப்பும் இல்லாமல் இது நடக்க வழியே இல்லை. முதன்முதலில் இதை வாசித்த அன்று நான் இரவு நித்திரை கொள்ளவில்லை என்றால் மனைவி சிரிப்பாள், ஆனால் உண்மை.

ஆக அந்தக் கலம் அறிவிப்பது சாற்றின் இனிப்பை இல்லை, ஒரு கழித்தல் கணக்கின் விடையை: கிடைத்தது கழித்தல் எதிர்பார்த்தது. கூடக் கிடைத்தால் பொரியும், சரியாகக் கிடைத்தால் பேசாமல் இருக்கும், குறைந்தால் அடங்கும். ஷுல்ட்ஸும் பீற்றர் டயானும் ரீட் மொன்டேக்கும் 1997இல் இதை எழுதியபோது இன்னொரு அதிசயமும் சேர்ந்துகொண்டது. கணினி தானாகப் பழகுவதற்கென்று ரிச்சர்ட் சட்டனும் அன்ட்ரூ பார்ட்டோவும் குரங்கையே பார்க்காமல் எழுதிவைத்திருந்த கணக்கும், குரங்கின் நடுமூளை போடும் கணக்கும் பொருந்தின.

அது சரி, எல்லாமே எதிர்பாராமல் நடந்தால் ஆள் இருக்குமா என்றால் அதுவும் இல்லை. 2003இல் ஷுல்ட்ஸின் குழு, சாறு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்று சொல்லும் ஒரு அடையாளத்தைக் குரங்குக்குப் பழக்கியது. அந்த அடையாளம் தெரிந்த கணத்திலிருந்து முடிவு தெரியும் கணம் மட்டும், பல கலங்களின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. கட்டாயம் வரும் என்றாலும் ஏறவில்லை, கட்டாயம் வராது என்றாலும் ஏறவில்லை. இந்த ஏற்றத்துக்கு என்ன பொருள் என்று இன்னும் சண்டை பிடிக்கிறார்கள், பிடிக்கட்டும். தூண்டில் போட்டவனுக்கு விளங்கும். குழாய்க்கிணற்றை அடித்தால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் வரும், அதைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. குளக்கட்டில் மண்புழுவைக் கொழுவித் தூண்டிலைப் போட்டால் யப்பான் மீன் வரும், விரால் வரும், முழுப் பின்னேரமும் ஒன்றும் வராமலும் போகும். ஆனால் தக்கை லேசாக ஆடினதென்றால் பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஸ்கின்னர் என்ற அமெரிக்கர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டியதும் இதுதான்: எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

இனிப் பெடியனின் காணொளிக்கு வருவோம். தலைப்பு 'இராட்சத விரால்'. தொட்டதும் முதல் 40 செக்கனுக்கு மேலிருந்து எடுத்த குளத்துப் படமும் இசையும், அப்புறம் "வணக்கம் உறவுகளே, புதுசா வந்த ஆக்கள் சப்ஸ்கிரைப் பண்ணிக்கொள்ளுங்கோ". எல்லாச் சனலிலும் இதே உறவுகள், இதே வணக்கம். அடுத்து என்ன வரும் என்பது பார்ப்பவருக்கு முழுவதும் தெரியும், கழித்தல் கணக்கின் விடை பூச்சியம். தலைப்பு எரியவிட்ட விளக்குக்கு விராலும் இன்னும் வரவில்லை. கலம் அடங்குகிறது, பெருவிரல் தள்ளுகிறது. கடைசியில் வந்த விராலும் முழங்கை நீளம்தான், இராட்சதம் என்று சொல்ல அதற்கே வெட்கமாக இருந்திருக்கும். அப்படி ஏமாந்தவரின் மூளை சும்மா இருக்காது. அடுத்த முறை அந்தச் சனலின் பெயரைக் கண்டதும் எதிர்பார்ப்பை ஒரு படி இறக்கி வைத்துக்கொள்ளும். பொய்த் தலைப்பு வைக்கிறவர்கள் இந்தக் கடனை வட்டியோடு கட்டுகிறார்கள். அதிலும் 2012இலிருந்து யூடியூப், எத்தனை பேர் தொட்டார்கள் என்பதை விட எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதைத்தான் பெரிதாகப் பார்க்கிறது.

அம்மம்மா கத்திய இடத்தைப் பாருங்கள். வலை கொழுவிவிட்டது, பேரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போகிறான், கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. வருவான் என்று பார்ப்பவருக்குத் தெரியும், எப்போது வருவான், வலையோடு வருவானா, இதெல்லாம் தெரியாது. தக்கை ஆடுகிறது. அந்த நேரம் பார்த்துக் கரையில் இருந்து ஒரு குரல்: "எட குறுக்காலபோவானே, முதலை கிடக்குமடா!" அவன் தலையைத் தூக்கி, "அம்மம்மா, இது வீடியோவில போகுது" என்கிறான். அதற்கும் அவ ஏதோ சொல்லுகிறா, அதை இங்கே எழுத முடியாது. நான் நாலு தரம் பார்த்தேன்.

கூத்துக்கும் இதுதான். காத்தான் கழுவேறுவான் என்று கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். இந்த முறை பின்காத்தானாக, அதாவது கூத்தின் பிற்பகுதியில் காத்தானாக, வருகிறவர் அந்தப் பாட்டை எப்படி எடுப்பார், போன முறை அழவைத்த இடத்தில் இந்த முறை குரல் உடையுமா என்பது தெரியாது. முடிவு தெரிந்தாலும் வழி தெரியாமல் இருந்தால் போதும். மாரிக்கு இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கும்போது ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்து நேரலை போடுகிறார்கள், தண்ணீர்தான் வரும் என்று தெரிந்துகொண்டே கனடாவில் இருந்து ஆட்கள் நித்திரை முழித்துப் பார்க்கிறார்கள்.

இதே பொறியை வைத்துச் செய்கிற ஒரு வேலை எனக்கு அறவே பிடிக்காது. ஆண் துணை இல்லாத குடும்பம், ஒழுகுகிற கூரை, முன்னால் ஒரு கமரா, கையில் ஒட்டிய கடித உறை. எவ்வளவு காசு, அந்த அக்கா அழுவாவா, பிள்ளைக்குச் சைக்கிள் உண்டா என்று கடைசி நிமிடம் வரை இழுப்பார்கள். உதவி நல்லது, கொடுங்கள். அந்தப் பிள்ளையின் முகத்தைத் தக்கையாக மிதக்க விடாதீர்கள். அது நாளைக்கு எங்களிடம்தான் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது, வகுப்பில் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஷுல்ட்ஸ் இந்த வேலையைத் தொடங்கியது பார்க்கின்சன் நோயில் உடல் அசைவு ஏன் கெடுகிறது என்று தேடி. அசைவைத் தேடிப் போனவருக்கு அகப்பட்டது எதிர்பார்ப்பு. வருடக்கணக்காகக் குரங்குக்குச் சாறு கொடுத்துக்கொண்டிருக்கிறாயே, இதால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்டு யாரும் காசை நிறுத்தவில்லை. இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.1ஐச் சுற்றித்தான். கிளிநொச்சியில் அறிவியல்நகர் என்று ஓர் இடத்துக்கே பெயர் இருக்கிறது, யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கே இருக்கின்றன. பெயரை வைத்த கையோடு காசையும் வைத்திருக்கலாம்.

பெடியனிடம் இதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த முக்கால் மணித்தியாலத்தில் அவன் போனை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தான் என்று நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். 11 தரம். பார்வை எண்ணிக்கை கூடியதா என்று. சில நேரம் கூடியிருக்கும், சில நேரம் கூடியிருக்காது. பார்ப்பவரைப் பிடிக்கப் போட்ட தூண்டிலில் போட்டவனே கொழுவிக்கொண்டு கிடக்கிறான்.

இதில் ஸ்கின்னரின் இன்னொரு புறாக் கதை இருக்கிறது. 1948இல், பசித்த புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 செக்கனுக்கு ஒரு தரம் தீனி வருகிற மாதிரி வைத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு தங்களுக்கென்று ஒரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றியது, ஒன்று கூட்டின் மூலைக்குள் தலையைத் திரும்பத் திரும்ப இடித்தது. தீனி வந்த நேரம் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததைத் தீனிக்குக் காரணமாக எடுத்துவிட்டன என்றார் அவர். பின்னால் வந்தவர்கள் இதற்கு வேறு விளக்கமும் சொன்னார்கள். சனல் வைத்திருக்கிறவர்களோடு பழகினால் ஸ்கின்னர் பக்கம்தான் சாய்வீர்கள். இராகு காலத்தில் ஏற்றமாட்டார்கள், போன முறை ஓடிய காணொளிக்குப் போட்ட சேட்டைத்தான் இந்த முறையும் போடுவார்கள். இவனுடைய அம்மா, சனலுக்கு நாவூறு பட்டுவிட்டது என்று போனைப் பூட்டிப் படம் எடுக்கிற முக்காலியின் காலில் ஒரு எலுமிச்சம்பழமும் மூன்று செத்தல் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறா.

நான் சொன்னபடி முன்னுரையை வெட்டினான். அடுத்த காணொளியைக் கீழே போன ஆள் இன்னும் மேலே வராத இடத்தில் இருந்து தொடங்கினான், தலைப்பில் இராட்சதத்தையும் எடுத்துவிட்டான். கோடு முன்னைப்போல் விழவில்லை. போன் எடுத்துச் சந்தோசமாகச் சொன்னான். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, எலுமிச்சம்பழம் கட்டின பிறகுதானே ஓடுது என்று.

விஞ்ஞானப்படி அவவோடு வாதாட எனக்கு வழியில்லை. இரண்டையும் ஒரே காணொளியில் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? அடுத்ததை முன்னுரை இல்லாமலே எடு, எலுமிச்சம்பழத்தை மட்டும் கழற்றிவிட்டுப் பார் என்றேன்.

"அதை நீங்களே அம்மாட்டைச் சொல்லுங்கோ சேர்" என்று போனை அவவிடம் கொடுத்துவிட்டான்.