இரண்டு முறை மாற்றியும் திருடுபோன பாஸ்வேர்ட்

மதுரை தெற்கு மாசி வீதியில் என் மாமா சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் காலை போன் செய்தார். "மாப்ள, நான் அனுப்பாத மெயிலுக்கு வெளியூர் வியாபாரி பதில் போடுறாரு. புது அக்கவுண்ட்டுல பணம் போடுங்கன்னு நான் எழுதினேனாம். பாஸ்வேர்டை ரெண்டு தடவை மாத்திட்டேன், இன்னும் யாரோ உள்ள இருக்காங்க." நல்ல வேளை, அந்த வியாபாரி பணம் போடுவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

மாமா இரண்டு முறையும் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் மாற்றியிருக்கிறார். விஷயமே அங்கேதான்: அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஓர் உளவு மென்பொருள் புகுந்திருந்தது.

கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினால் எழுத்து நேராகத் திரைக்குப் போவதில்லை. எந்த விசை என்பதற்கான எண்தான் போகிறது. ஆங்கில 'A' விசைக்கு 30. விண்டோஸ் அதை வாங்கி, திறந்திருக்கும் மென்பொருளிடம் கொடுக்கிறது. இடையில் நின்று அந்த எண்களைப் பார்க்க மற்ற மென்பொருள்களுக்கும் விண்டோஸே வழி விட்டிருக்கிறது. தேவைக்காக வைத்த வாசல் அது. ஆங்கில விசைகளைத் தட்டினால் 'அம்மா' என்று தமிழில் விழுகிறதே, பல தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இந்த வாசலில் நின்றுதான் எழுத்தை மாற்றித் தருகின்றன. உளவு மென்பொருளும் அங்கேயே வந்து நிற்கிறது. ஆனால் எதையும் மாற்றாது. நகல் எடுத்துக்கொண்டு விசையை அப்படியே போக விடும். தட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மாமா தட்டத் தட்ட, புதுப் பாஸ்வேர்டும் போய்விட்டது.

சரி, மெயிலுக்குள் நுழைய போனுக்கு ஓடிபி வர வேண்டுமே? அங்கேதான் குக்கீ வருகிறது. மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனால் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். திரும்பி வரும்போது டோக்கனைத்தான் பார்ப்பார்கள், முகத்தை அல்ல. பாஸ்வேர்டும் ஓடிபியும் சரியாக இருந்தால் இணையதளம் உங்கள் பிரௌசருக்குக் கொடுக்கும் டோக்கன்தான் குக்கீ. அதனால்தான் தினமும் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. உளவு மென்பொருள் அந்த டோக்கன் இருக்கும் கோப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டால், திருடனிடம் ஓடிபி கேட்கவே மாட்டார்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எனக்கு இதில் பெரிய கவலை உண்டு.

கடைக்குப் போனதும் முதல் வேலையாக நெட் ஒயரைப் பிடுங்கினேன். திருடியதை வெளியே அனுப்ப அதற்கு இணையம் வேண்டும். அடுத்து, மாமாவின் போனில் கடை வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் மெயிலைத் திறந்து, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்தினோம். பழைய டோக்கன்கள் செல்லாமல் போயின. பாஸ்வேர்டையும் அங்கேயே மாற்றினோம். மெயில் தானாக வேறு முகவரிக்குப் போகும்படி எதுவும் அமைத்திருக்கிறதா என்றும் பார்த்தோம். பிறகு பேங்க் பாஸ்வேர்ட். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்திருப்போம்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தேன். டாஸ்க் மேனேஜரில், கம்ப்யூட்டர் போட்டதும் தானாகத் தொடங்குபவற்றின் பட்டியலில் 'எஸ்-வி-ஹோஸ்ட்' என்று ஒன்று இருந்தது. விண்டோஸின் சொந்தக் கோப்பு 'எஸ்-வி-சி-ஹோஸ்ட்'; அதன் இடம் சிஸ்டம்32 ஃபோல்டர். இதுவோ மாமாவின் ஆப்டேட்டா ஃபோல்டரில் கிடந்தது. ஒரே ஒரு எழுத்து குறைவு!

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட விட்டேன். வழக்கமான ஸ்கேன் நடக்கும்போது உளவு மென்பொருளும் விழித்திருக்கும், சில வகைகள் தம்மை மறைத்துக்கொள்ளும். ஆஃப்லைன் ஸ்கேன், விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடுகிறது. அது இரண்டு கோப்புகளைப் பிடித்தது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பேங்க் கணக்கு பார்க்கும் இயந்திரத்தில் 'போயிருக்கும்' என்ற நம்பிக்கை போதாது. பில் கணக்குகளையும் சேலைப் படங்களையும் மட்டும் எடுத்து வைத்துவிட்டு, டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டோம்.

எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், விளம்பரம் வடிவமைக்கக் காசில்லாமல் கிடைத்த ஒரு கிராக் மென்பொருள், அதாவது பூட்டு உடைத்த திருட்டு நகல். போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லியிருக்கிறது, மாமாவும் அணைத்திருக்கிறார். அந்த செட்டப் கோப்பு கல்லாப்பெட்டியில் கிடந்த பென்டிரைவில் இன்னும் இருந்தது. துடைத்துச் சுத்தமாக்கிய கம்ப்யூட்டரில் அதைச் செருகவே இல்லை. மாமாவிடமே கொடுத்தேன், சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிக் குப்பையில் போட்டார்.